கிணற்றுக்குச் சொன்ன செரிங்க

கேஸ் அடுப்பை அணைத்தேனா என்று பாதித் தெருவில் இருந்து திரும்பி வந்து பார்க்கிற ஆள் நான். அணைத்துத்தான் இருக்கும். மறுநாளும் திரும்பி வருவேன். அப்படிப்பட்டவள் எங்கள் பேரூராட்சியில் கவுன்சிலர் ஆனதற்கு, எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டதும், என் வீட்டுக்காரருக்கு நாலு பேரைத் தெரிந்திருந்ததும்தான் காரணம். அவர் ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டியில் வேலை செய்கிறவர். வடக்கே ஏதாவது ஒரு மாநிலத்தில் போர் போட்டுக்கொண்டிருப்பார். வருடத்தில் முக்கால்வாசி நாள் ஊரில் இருக்க மாட்டார். நான் வீட்டை ஒட்டிய கொட்டகையில் அக்கம்பக்கத்துத் தறிகளுக்கு நூல் சுற்றிக் கொடுக்கிறேன். எட்டாவதோடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. திருச்செங்கோட்டுக்குப் பஸ்ஸில் போனால் போர்டைப் படிப்பேன், அவ்வளவுதான் என் படிப்புக்கு வேலை என்று நினைத்திருந்தேன். மன்றக் கூட்டத்துக்குப் போன பிறகு அந்த நினைப்பு போய்விட்டது.

மன்றக் கூட்டம் என்றால் நீள மேசை, தண்ணீர் பாட்டில், ஒரு தட்டில் மிக்சர். தலைவர் நடுவில் உட்காருவார். அவர் பக்கத்தில் செயல் அலுவலர். கவுன்சிலர்கள் நாங்கள் இரண்டு பக்கமும். அலுவலர் பொருள் ஒவ்வொன்றாகப் படிப்பார். கால்வாய் தூர் வாருதல், தெருவிளக்கு, கொசு மருந்து என்று போகும். அவர் படிக்கிற தமிழ் தமிழ்தான், ஆனால் எனக்குப் பாதிதான் பிடிபடும். மீதியைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டே அடுத்த பொருளைக் கோட்டை விடுவேன்.

இந்தச் செயல் அலுவலர் எங்கள் ஊருக்குப் புதிது. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். நேர்மையான மனுசர், அதைச் சொல்லியாக வேண்டும். காலையிலேயே துப்புரவு வண்டி கூட நடப்பார். அவர் பேச்சு எங்களுக்குச் சிரிப்பாக இருக்கும், எங்கள் பேச்சு அவருக்கு மரியாதையாக இருந்திருக்கிறது. எதைச் சொன்னாலும் ங்க போட்டுப் பேசுகிற ஊர், தங்கமான ஊர் என்று தன் வீட்டில் சொல்லியிருக்கிறார். பிற்பாடு அவரே சொன்னது.

எங்கள் வார்டின் கல்கட்டுக் கிணற்றைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தறிக்காரத் தெரு முடிகிற இடத்தில் இருக்கிறது. சுற்றுச்சுவர் ஒரு பக்கம் இடிந்து கிடக்கும். உள்ளே ஒரு மோட்டார் இறக்கி, மேலே கறுப்புத் தொட்டி ஒன்று வைத்து, அதில் குழாய் போட்டிருக்கிறார்கள். வீட்டுக்கு வீடு காவிரித் தண்ணீர்க் குழாய் வந்த பிறகு அந்தத் தொட்டிப் பக்கம் யாரும் அதிகமாகப் போவதில்லை. ஆனால் போன மழையில் காவிரிக் குழாய் எங்கேயோ உடைந்து சாக்கடை அதில் கலந்துவிட்டது. தெருவே பேதியில் படுத்தது. என் மகளைப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்து குளுக்கோஸ் ஏற்றினோம். அவளுடைய கண் இரண்டும் உள்ளே போயிருந்தன. சுகாதார ஆய்வாளர் வந்து எல்லாத் தண்ணீரையும் சோதனைக்கு எடுத்துப் போனார். கிணற்றுத் தண்ணீர் மட்டும்தான் நன்றாக இருந்தது. குழாயைச் சரி செய்து முடிக்கும் வரை தெரு மொத்தமும் அந்தக் கறுப்புத் தொட்டியில்தான் குடம் பிடித்தது. அன்று முதல், குழாய்த் தண்ணீரில் லேசாக வாடை வந்தாலும் நான் முதலில் ஓடுகிற இடம் அதுதான்.

பட்ஜெட் முடிகிற மாசி, பங்குனி மாதத்துக் கூட்டம் ஒன்றில் அலுவலர் ஒரு பொருளைப் படித்தார். புல எண் ஒன்று சொன்னார். பயன்பாட்டில் இல்லாத திறந்தவெளிக் கிணற்றைக் கட்டடக் கழிவு கொண்டு நிரப்பிச் சமன் செய்தல். எனக்கு எண் புரியவில்லை. வார்டு எண் புரிந்தது. எங்கள் வார்டில் வேறு கிணறு இல்லை.

எழுந்து நின்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"அதுல மோட்டார் ஓடுதுங்களே சார்."

"அந்த மோட்டாரைச் சமுதாயக் கூடத்துக்கு மாத்திரலாம்மா. எல்லா வீட்டுக்கும் காவிரி இணைப்பு குடுத்தாச்சு. இனி அந்தத் தண்ணிய யாரும் குடிக்க வேண்டாம்."

"போன மழைல பைப்புத் தண்ணி கெட்டப்ப அந்தக் கெணறுதானுங்க எங்களக் காப்பாத்துச்சு."

"பைப்பைப் பூரா மாத்திட்டோம்லா. இப்ப கிணறு தொறந்து கெடக்கு. கொசுப்புழு இருக்குன்னு ரிப்போர்ட் வந்திருக்கு. சுவரும் இடிஞ்சு கெடக்கு. ஒரு பச்சப்பிள்ளை உள்ள விழுந்தா யாரும்மா பதில் சொல்லுறது? மார்ச்சுக்குள்ள வேலைய முடிக்கலைன்னா நிதியும் திரும்பிப் போயிரும்."

அவர் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் கிணற்றை மூடுவது தப்பு என்று எனக்குத் தெரிந்தது. அதை எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. வீட்டுக்குப் போய்த் தெருவில் நாலு பேரிடம் கலந்துகொண்டு, தலைவரையும் வீட்டில் போய்ப் பார்த்து, மறுபடி வந்து பேசலாம் என்று நினைத்தேன். எங்கள் பக்கம் அப்படித்தான் செய்வோம். ஒரு பெரிய மனுசர் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல மாட்டோம். அவர் பேசி முடித்ததற்கு மரியாதையாக ஒன்று சொல்லிவிட்டு எழுந்துகொள்வோம்.

"செரிங்க," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

அலுவலர் மற்றவர்களைப் பார்த்தார். செரிங்க, செரிங்க என்று மேசையைச் சுற்றி வந்தது. கடைசியாகத் தலைவரும் தலையாட்டி, "செரிங்க சார், அடுத்ததுக்குப் போங்க," என்றார். மிக்சர் தட்டு என் பக்கம் வந்தது.

அடுத்த சில நாட்கள் நான் கலந்துகொள்ள வேண்டியவர்களிடம் கலந்துகொண்டுதான் இருந்தேன். தெருவில் பேசினேன். ஊரில் ஒரு சாவு விழுந்து தலைவரைப் பார்க்க முடியாமல் போனது. அடுத்த கூட்டம் வருவதற்குள் பார்த்துவிடலாம், அவசரம் என்ன இருக்கிறது என்று இருந்தேன். எல்லாவற்றுக்கும் அவசரப்படுகிறவள் இதற்கு மட்டும் அவசரப்படவில்லை. பேச்சு இன்னும் முடியவில்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

ஒரு நாள் காலை கொட்டகையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தபோது இடி விழுந்த மாதிரி ஒரு சத்தம். தறிகள் ஓடுகிற தெருவில் சாதாரணச் சத்தம் காதில் ஏறாது. இது தறிச் சத்தத்தையும் மீறி வந்தது. தொடர்ந்து தண்ணீர் மேலே எழுந்து விழுகிற சத்தம். எதிர்வீட்டு அக்கா வாசலில் நின்று கத்தினாள்.

"ஏ அம்மிணி, கெணத்துல கல்லக் கொட்டறாங்க. நீ உள்ள உக்காந்து நூல் சுத்து."

செருப்புப் போடாமல் ஓடினேன். கிணற்றோரம் ஒரு டிப்பர் லாரி பின்பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. பழைய பஸ் நிலையத்துக் கடைகளை இடித்த செங்கல்லும் கான்கிரீட்டும் ஒரு லோடு உள்ளே போயிருந்தது. எட்டிப் பார்த்தேன். தண்ணீர் சுண்ணாம்பு நிறத்தில் கொதிக்கிற மாதிரி குமிழி விட்டது. மோட்டார்க் குழாய் வளைந்து, ஒடிந்த கை மாதிரி தொங்கியது. இடிந்த சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

டிப்பர்காரர் என்னைப் பார்த்து இறங்கி வந்தார்.

"இன்னும் மூணு நாலு லோடு வருங்க. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, தூசு அடிக்கும்."

"யாருங்க உங்களக் கொட்டச் சொன்னது?"

"ஆபீஸ்ல ஒர்க் ஆர்டர் குடுத்தாங்க. கவுன்சிலர் சம்மதிச்சுட்டாங்கன்னு சொன்னாங்க."

"நான்தானுங்க கவுன்சிலரு."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். தலையில் நூல் பஞ்சு, காலில் செருப்பில்லை. "அப்ப உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமேங்க," என்றார்.

எதிர்வீட்டு அக்கா பின்னாலேயே வந்திருந்தாள். தெருப் பெண்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். "ஓட்டுக் கேட்டு வாரப்ப தண்ணி தாரேன்னு சொன்ன. இப்ப கல்லுத் தாரயா? பரவால்ல, ஊடு கட்டறதுக்கு ஆகும்," என்றாள். பின்னால் ஒருத்தி சிரித்தாள். சிரித்தவளின் மாமியாரும் போன மழையில் என் மகளுக்குப் பக்கத்துக் கட்டிலில் கிடந்தவள்தான்.

நான் டிப்பரின் முன்பக்கம் போய் நின்றேன். தைரியத்தில் இல்லை. கால் அந்தப் பக்கம் போனது, நின்றுவிட்டது. அங்கிருந்தே அலுவலருக்குப் போன் போட்டேன். அவர் பைக்கில் உடனே வந்துவிட்டார். ஹெல்மெட்டைக் கழற்றாமலே கேட்டார்.

"என்னம்மா, ஏன் வண்டிய மறிக்கிய?"

"கெணத்த மூட வேண்டாமுங்க சார்."

"நீங்கதானம்மா கூட்டத்துல கேள்வி கேட்டிய. நான் பதில் சொன்னேன். சரின்னு ஒத்துக்கிட்டிய."

"ஒத்துக்கலீங்க சார். செரிங்கன்னு சொன்னனுங்க."

"அதத்தான் நானும் சொல்லுதேன்."

"அது வந்துங்க சார், செரிங்கறதுங்க."

இதற்கு மேல் எனக்கு விளக்கத் தெரியவில்லை. பிறந்ததில் இருந்து சொல்கிற வார்த்தை. அதற்கு என்ன பொருள் என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. இந்த அம்மா தெருக்காரர்களுக்குப் பயந்து பேச்சை மாற்றுகிறாள் என்று நினைத்தார் போல. போனைத் திறந்து எங்கள் தீர்மானத்தை எனக்கே படித்துக் காட்டினார். வார்டு உறுப்பினர் விளக்கம் கோரினார், விளக்கத்தை ஏற்றுக்கொண்டார், மன்றம் ஒருமனதாக நிறைவேற்றியது. நான் மரியாதைக்குச் சொன்ன ஒரு சொல், நான் ஏற்றுக்கொண்டேன் என்று ஆகி, கல்லாக வந்து விழுந்திருக்கிறது.

அதற்குள் சேதி கேட்டுத் தலைவர் காரில் வந்து இறங்கினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிணற்றை எட்டிப் பார்த்தார். "அடப்பாவமே," என்றார். "இதுக்குள்ளயே கொட்டிட்டீங்களா?"

அலுவலருக்கு அப்போதுதான் முகம் மாறியது. "என்ன சார், இதுக்குள்ளயான்னு கேக்கிய? தீர்மானம் போட்டாச்சுல்லா?"

"பேசிட்டுத்தான இருந்தோமுங்க."

"நீங்களும் சரின்னு சொன்னியளே."

"செரிங்கன்னு சொன்னேன். சொல்லாம எப்படிங்க இருக்க முடியும்? நீங்க அவ்வளவு நேரம் பேசறீங்க."

"கையெழுத்துப் போட்டிருக்கிய."

"நீங்க நீட்டினீங்க, போட்டேன். நீட்டினதுக்குப் பொறகு மாட்டேன்னு சொன்னா நல்லாவா இருக்கும்?"

டிப்பர்காரர் துண்டை வாயில் வைத்துக்கொண்டு திரும்பிக்கொண்டார். அலுவலர் இடிந்த சுவரின் மேல் உட்கார்ந்துவிட்டார். ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அவருடைய நெற்றியில் வேர்வை ஓடியது. பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அப்ப இதுக்கு முன்னாடி போட்ட தீர்மானமெல்லாம்? குப்பை வண்டி வாங்குனமே?"

"அது நெசமாவே செரிங்க," என்றார் தலைவர்.

"மார்க்கெட்டுக் கழிப்பறைய இடம் மாத்துனது?"

"அதுவும் செரிங்க. ஆனா எடம் கொஞ்சம் தள்ளி இருந்தா நல்லா இருக்கும்னு எல்லாருக்கும் ஒரு இது."

"மின் மயானம்?"

தலைவர் வானத்தைப் பார்த்தார். "அது பாத்துக்கலாமுங்க சார்."

"பாத்துக்கலாம்னா?"

இதற்கு நான்தான் பதில் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. "வேண்டாங்கறதுங்க சார்."

அலுவலர் என்னைப் பார்த்தார். நான் பயந்துபோனேன். அவர் பயந்ததை நான் அன்றுதான் பார்த்தேன். மயானத்துக்கு அப்போதே தூண் நட்டாகிவிட்டது.

டிப்பரைத் திருப்பி அனுப்பினார்கள். ஆனால் கிணறு தப்பிவிட்டது என்று சொல்ல முடியாது. நிறைவேறிய தீர்மானத்தை அலுவலர் வாயால் நிறுத்தி வைக்கத்தான் முடியும், மாற்ற முடியாது. அதற்குத் தனிக் கூட்டம் போட வேண்டும், பாதிக்கு மேல் உறுப்பினர்கள் வெளிப்படையாகக் கை தூக்க வேண்டும், முதலில் அந்த வார்டு உறுப்பினர் எழுந்து காரணம் சொல்ல வேண்டும் என்று அவர் எனக்குச் சொன்னார். கை தூக்கவில்லை என்றால் மறுபடி டிப்பர் வரும்.

கூட்டத்துக்கு முந்தின நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. என் வீட்டுக்காரர் ராய்ப்பூர்ப் பக்கத்தில் இருந்து போனில் பேசினார். பின்னால் ரிக் ஓடுகிற சத்தம். "பயப்படாத, சொல்லீரு," என்றார். என்ன சொல்வது என்று கேட்டேன். "மாட்டேன்னு சொல்லு," என்றார். "நீங்க உங்க மொதலாளிகிட்டச் சொல்லியிருக்கீங்களா?" என்று கேட்டேன். "செரி, வெச்சர்றேன்," என்றார்.

தனிக் கூட்டத்தில் மிக்சர் இல்லை. அலுவலர் எழுந்து நின்று கும்பிட்டார். "எல்லாருக்கும் ஒரு வேண்டுகோள். இன்னைக்கு யாரும் செரிங்க மட்டும் சொல்லாதீங்க. சம்மதம்னா சம்மதம்னு சொல்லுங்க. இல்லைன்னா இல்லைன்னு சொல்லுங்க. புரியுதுல்லா?"

"செரிங்க," என்றார் மூன்றாம் வார்டுக்காரர்.

மேசையைச் சுற்றிச் சிரிப்பு வெடித்தது. அலுவலரும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அடுத்தது என் முறை. எழுந்தேன். மேசையைப் பிடித்துக்கொண்டேன். என் மகளின் கண் உள்ளே போயிருந்ததைச் சொல்லலாம் என்று வைத்திருந்தேன், வரவில்லை. சோதனையில் கிணற்றுத் தண்ணீர் தேறியதைச் சொல்லலாம் என்று வைத்திருந்தேன், அதுவும் வரவில்லை.

"கெணத்த மூட எனக்குச் சம்மதமில்லைங்க."

அவ்வளவுதான் சொன்னேன். ஒரு பொம்பளை ஒரு அதிகாரிக்கு முன்னால் இப்படிப் பேசியதை நான் பார்த்ததில்லை. பேசியது நான்தான் என்பதும் உடனே எனக்கு உறைக்கவில்லை. கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிவிட்டேனோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது. தலைவரின் கை முதலில் மேலே போனது. மற்ற கைகள் அதைப் பார்த்துப் பார்த்துத் தயங்கித் தயங்கிப் போயின. கடைசிவரை தூக்காமல் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களும் உண்டு. ஆனால் பாதிக்கு மேல் இருந்தது.

கிணற்றுக்குக் கிரேன் வந்தது. கிணறு வெட்டுகிற கிரேன்தான், எங்கள் பக்கம் அதற்குப் பஞ்சமில்லை. கொட்ட ஒரு காலை போதுமாக இருந்தது. எடுக்க அதைவிடப் பல மடங்கு ஆனது. கான்கிரீட் ஊற்றுக்கண்ணில் போய் அடைத்துக்கொண்டிருந்தது. கல்லை எடுத்து, சேற்றை எடுத்து, பழைய தண்ணீரை முழுக்க இறைத்துவிட்டுக் காத்திருந்தோம். நான் கிணற்றோரத்தை விட்டு நகரவில்லை. அடியில் முதலில் ஈரம் மட்டும் தெரிந்தது. பிறகு ஒரு பக்கத்தில் மட்டும் நூல் மாதிரி கசிந்தது. முன்பு நாலு பக்கமும் வரும். அந்த ஒரு பக்கத்தை வைத்துக்கொண்டே தண்ணீர் ஏறியது.

புது மோட்டார் போட்டுத் தொட்டி நிரம்பிய அன்று எதிர்வீட்டு அக்கா குடத்தோடு வந்துவிட்டாள். "குடிக்கலாமா அம்மிணி?" என்றாள். வாய் வரைக்கும் செரி என்று வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

"இன்னும் ஆகாதுங்க்கா. டெஸ்ட்டு வரட்டும்."

"என்னடா இது, பேச்செல்லாம் ஆபீசர் மாதிரி ஆயிருச்சு," என்று குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். சோதனை முடிவு வந்த பிறகு, குளோரின் போட்டுத்தான் குடித்தோம்.

ஒரு வேலை மட்டும் மிச்சம் இருந்தது. சுற்றுச்சுவரைக் கட்டி, மேலே இரும்பு வலை போட்டு மூட வேண்டும். போடாவிட்டால் அது திறந்த கிணறுதான். அலுவலர் அன்று சொன்ன பச்சப்பிள்ளையும் கொசுப்புழுவும் பொய்யில்லை. மேலே இருந்து யார் வந்து பார்த்தாலும் மூடச் சொல்வார்கள். அதனால் நான் பேரூராட்சி அலுவலகத்துக்குப் போனேன். அலுவலர் உட்காரச் சொன்னார். நான் நின்றுகொண்டே சொன்னேன். சுவர் வேண்டும், வலை வேண்டும், அடுத்த மழைக்கு முன்னால் வேண்டும். அவர் முழுக்கக் கேட்டார். கடைசியில் முகம் மலர்ந்து, எங்கள் ஊர் ராகத்திலேயே சொன்னார்.

"செரிங்க அம்மிணி."

சந்தோஷமாகக் கும்பிட்டுவிட்டுப் படி இறங்கினேன். கீழே பைக்குகள் நிற்கிற இடம் வரை வந்திருப்பேன். சட்டென்று கால் நின்றுவிட்டது. கேஸை அணைத்தேனா என்று நிற்குமே, அந்த மாதிரி. மனுசர் இங்கே வந்து வருடமாகப் போகிறது. எங்கள் ராகம் வந்துவிட்டது. அம்மிணி வந்துவிட்டது. அப்படியானால் இது எந்தச் செரிங்க?

திரும்பப் படி ஏறினேன். அவர் வேறு ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தினார்.

"சார், இப்பச் சொன்னது உங்க ஊருச் சரிங்களா, எங்க ஊருச் செரிங்களா?"

அவர் கொஞ்சம் வெட்கப்பட்ட மாதிரி இருந்தது. பிறகு மணியை அடித்துப் பொறியாளரை வரச் சொன்னார். கல்கட்டுக் கிணற்றுக்குச் சுவரும் வலையும், இப்பவே அளந்து எஸ்டிமேட் எழுதுங்க என்றார். பொறியாளர், "செரிங்க சார்," என்றார். நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அவரைத் திரும்பிப் பார்த்தோம்.

அவர் டேப்பை எடுத்துக்கொண்டு படி இறங்கும் வரை நான் அங்கேயே நின்றேன். பிறகு அவர் பின்னாலேயே நடந்தேன், கிணறு வரைக்கும்.